மஞ்சள் குழாய் நடந்த தூரம்

நெதர்லாந்தில் வீடு கட்டுகிறவர் யாரும் அந்தக் குழாயைத் திரும்பிப் பார்க்க மாட்டார். மின்கம்பிகளை உள்ளே ஓட்டிச் சுவருக்குள் பதிக்கிற பிவிசி குழாய் அது. விரல் பருமன், வெண்ணெய் கலந்த மஞ்சள் நிறம், கையில் எடுத்தால் எடையே தெரியாது. நம்மூர் எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தி உள்ளே தள்ளிப் பூசிவிடுகிறாரே, அதே சாதி. பூச்சு காய்ந்ததும் அதன் பொதுவாழ்க்கை முடிந்துவிடும்.

சுவருக்குள் போகாமல் தப்பிய துண்டுகளுக்கு மட்டும் கொஞ்சம் குதூகலமான வாழ்க்கை கிடைத்தது. கட்டட வேலை நடக்கும் இடங்களில் மிஞ்சிக் கிடக்கும் துண்டுகளை டச்சுப் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டிக் குழாய்க்குள் செருகி, மூச்சைப் பிடித்து ஊதினால் அம்பு பாயும். தலைமுறை தலைமுறையாக இந்த விளையாட்டு உண்டு. ஆக, அந்தக் குழாய்க்குள் கம்பியைத் தவிரக் காற்றும் ஓடும் என்பது அந்த நாட்டில் எல்லாருக்கும் சின்ன வயதிலேயே தெரிந்த சங்கதி. பின்னால் நடந்ததற்கெல்லாம் இது முக்கியம்.

தியோ யான்சன் 1948இல் ஹேக் நகரத்தை ஒட்டிய ஸ்கெவனிங்கன் என்ற கடற்கரையூரில் பிறந்தவர். டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கச் சேர்ந்தார். 1974இல் பட்டம் வாங்காமலே வெளியேறி ஓவியம் வரையப் போய்விட்டார். படித்ததை விட்டுவிட்டு ஓவியத்துக்குப் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. விட்டதையும் கூடவே இழுத்துக்கொண்டு போனவர்கள் குறைவு.

குழாய் அவர் கைக்கு முதலில் வந்தது 1979இல். அதை வளைத்துக் கட்டி 4 மீட்டர் அகலத்தில் ஒரு பறக்கும் தட்டு செய்தார். ஹீலியம் நிரப்பி 1980இல் டெல்ஃப்ட் நகரத்துக்கு மேலே பறக்கவிட்டார். ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. தட்டு காற்றோடு போனது போனதுதான். அடுத்து, எண்பதுகளின் நடுவில், ஓவியம் தீட்டும் யந்திரம் ஒன்று. அதிலும் இந்தக் குழாய்தான். ஒரு துண்டின் முனையில் ஒளியை உணரும் சாதனத்தைப் பொருத்தினார்; இருட்டைக் கண்டால் யந்திரம் வண்ணத்தைப் பீய்ச்சும், வெளிச்சத்தைக் கண்டால் நிறுத்திக்கொள்ளும். எதிரே நிற்கும் ஆளின் உருவம் அப்படியே சுவரில் விழும். கம்பிக்குப் பிறந்த குழாய் இப்படிக் கண் வேலையும் பார்த்தாயிற்று.

1990இல் கதை திரும்பியது. யான்சன் அப்போது ‘ஃபோல்க்ஸ்கிராண்ட்’ நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். கடல்மட்டம் உயர்கிறது; நெதர்லாந்தின் நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது; மேற்குக் கரையில் கடலுக்கும் ஊருக்கும் நடுவே நிற்பவை மணல்மேடுகள். அந்த மேடுகளை யார் உயர்த்துவது? கடற்கரையில் தாமாக அலைந்து திரியும் எலும்புக்கூட்டு விலங்குகளைச் செய்து விட்டால் என்ன என்று எழுதினார் யான்சன். அவை மணலைக் கிளறி மேலே எறியும். காற்று அதை அள்ளிக்கொண்டு போய் மேட்டில் சேர்க்கும். வாசகர்கள் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டியிருப்பார்கள். பத்திக்காரரும் சில மாதம் அதை மறந்துதான் இருந்தார். செப்டம்பரில் கடைக்குப் போய்க் கொஞ்சம் மஞ்சள் குழாய் வாங்கி வந்து ஒரு பிற்பகல் முழுக்க அதை வளைத்தும் வெட்டியும் பார்த்தார். சரி, ஒரு வருஷம் இதற்கு ஒதுக்குவோம் என்று முடிவு செய்தார். அந்த ஒரு வருஷம் முப்பது வருஷத்தைத் தாண்டிவிட்டது.

முதல் விலங்கு படுதோல்வி. குழாய்களை ஒட்டுநாடா சுற்றி இணைத்திருந்தார். ‘அனிமாரிஸ் வல்காரிஸ்’ என்று லத்தீனில் கம்பீரமாகப் பெயர் வைத்தாயிற்று; விலங்கோ மல்லாக்கக் கிடந்து கால்களை உதைத்ததோடு சரி. எழுந்து நிற்க மூட்டுகளில் வலுவில்லை. பெயர் வைப்பதில் அவர் இன்றுவரை விடாப்பிடிதான். ஒவ்வொரு காலகட்டத்துக்கும் நிலவியலாளர் மாதிரி ஒரு லத்தீன் பெயர்: ஒட்டுநாடாக் காலம், கட்டும் காலம், சூட்டுக் காலம் என்று போகும். கோமாளித்தனம் போலத் தோன்றும். ஆனால் காலங்களைப் பிரித்தது எது என்று பாருங்கள். புதிய கொள்கையோ கலை இயக்கமோ இல்லை. குழாயோடு குழாயை எப்படிச் சேர்த்தார் என்பதுதான். அந்த வகையில் எனக்குப் பிடித்த கலை வரலாறு இது.

ஒட்டுநாடா போய், ஒயர்களைக் கட்டுகிற கேபிள் டை வந்தது. அது வழுக்கும், சுழலும், ஆனால் விடாது. மூட்டு என்றால் வேண்டியதும் அதுதானே. 1990களின் தொடக்கத்தில் ‘கரன்ஸ் வல்காரிஸ்’ எழுந்து நடந்தது. நடந்ததற்குக் கேபிள் டை பாதிக் காரணம். மீதிப் பாதி, ஒரு பழைய அடாரி கணினி.

காலின் சிக்கல் இது. சக்கரத்துக்கு உலர்ந்த மணல் ஆகாது; போகிற வழி முழுவதையும் அது அழுத்திக்கொண்டே போயாக வேண்டும், புதையும். கால் அங்கொன்று இங்கொன்றாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் பாதம் தரையில் இருக்கிற நேரம் முழுக்க நேர்கோட்டில் பின்னால் நகர வேண்டும். வளைந்தால் இடுப்பு ஏறி இறங்கும், உடம்பைத் தூக்கி இறக்குவதிலேயே விலங்கை ஓட்டுகிற காற்றின் வலுவெல்லாம் தீர்ந்துவிடும். தூக்கிய பாதமோ சட்டென்று முன்னே வந்து அடுத்த அடிக்குத் தயாராக வேண்டும். இத்தனையையும் ஒரு கிராங்கின் சுழற்சியிலிருந்து, வெறும் குச்சிகளின் நீளத்தை மட்டும் வைத்துக்கொண்டு சாதிக்க வேண்டும்.

ஒரு காலுக்கு 11 நீளங்கள். ஒவ்வொன்றுக்கும் பத்தே பத்து அளவுகள் என்று வைத்தாலும் 10,000 கோடிச் சேர்க்கைகள் வரும். எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க அந்த அடாரிக்கு ஆயுள் போதாது. யான்சன் 1,500 கால்களைக் கண்டபடி நீளம் கொடுத்துக் கணினிக்குள் பிறப்பித்தார். எந்தக் கால் சரியான பாதைக்குக் கிட்டத்தட்ட நடக்கிறது என்று பார்த்து, தேறிய 100 கால்களுக்கு மட்டும் பிள்ளை பெறும் உரிமை. அந்த நூற்றின் நீளங்களைக் கலந்து மறுபடி 1,500. மறுபடி 100. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கணினி இரவும் பகலும் ஓடியது. கடைசியில் தேறிய கால்தான் 38, 41.5, 39.3, 40.1, 55.8, 39.4, 36.7, 65.7, 49, 50, 61.9. யான்சன் இவற்றைப் புனித எண்கள் என்கிறார்.

இந்த யோசனை வானத்திலிருந்து விழவில்லை. ரிச்சர்ட் டாக்கின்ஸின் ‘பிளைண்ட் வாட்ச்மேக்கர்’ 1986இல் வந்திருந்தது. யான்சன் அதைப் படித்தவர். 1987இல் லாஸ் அலமோஸில் கிறிஸ்டோபர் லாங்டன் கூட்டிய பட்டறையிலிருந்து ‘செயற்கை உயிர்’ என்பது தனி ஆய்வுத் துறையாகவே கிளம்பிவிட்டது. 1994இல் கார்ல் சிம்ஸ் கணினித் திரையில் தாமாக நீந்தவும் தத்தவும் கற்றுக்கொண்ட கட்டை உருவங்களைக் காட்டி எல்லாரையும் வாய்பிளக்க வைத்தார். அவை திரையோடு நின்றுவிட்டன. யான்சனின் கால் திரையில் பிறந்து, காகிதத்தில் எண்ணாக வெளியே வந்து, ரம்பத்தால் அறுபட்டு, மணலில் ஊன்றியது. நிகழ்பட வரைகலையில் நான் எத்தனையோ அதிசயங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த இறக்கத்துக்கு ஈடாக ஒன்றையும் வைக்க மாட்டேன்.

ஒரே ஒரு அடியைக் கிட்டத்தில் பார்க்கலாம். நடுவில் கிராங்க் சுழல்கிறது. அதன் முனையிலிருந்து இரண்டு நீளக் குச்சிகள் பிரிந்து, ஒன்று மேல் முக்கோணத்தையும் மற்றது கீழ் முக்கோணத்தையும் ஆட்டுகின்றன. கீழ் முக்கோணத்தின் நுனிதான் பாதம். பாதம் மணலைத் தொடுகிறது. தட்டையாகப் பின்னால் போகிறது, அந்த நேரத்தில் உடம்பு முன்னால் வழுக்கிச் செல்கிறது. முழங்கால் மடிகிறது, பாதம் ஒரு குதிரையின் அலட்சியத்தோடு தூக்கிக்கொண்டு முன்னே வந்துவிடுகிறது. கிராங்குகள் மூன்று கட்டங்களாகப் பிரித்து வைக்கப்பட்டிருப்பதால் எந்த நொடியிலும் சில பாதங்கள் தரையில் இருக்கும். மேலே தெரிகிற முதுகுக் குழாய் மட்டும் தண்ணீர் மட்டம் பார்த்ததுபோல ஒரே உயரத்தில் போய்க்கொண்டிருக்கும். இதைப் பார்ப்பவருக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. நகர்வில் யந்திரத்தின் வெட்டு இல்லை.

அடுத்து குழாய்க்குச் சூடு வைத்தார். பிவிசி வெப்பத்தில் இளகும், ஆறினால் வைத்த வடிவத்தில் இறுகும். சூடான காற்றை ஊதி வளைத்து, ஒன்றின் வாயை விரித்து இன்னொன்றை நுழைத்து, மூட்டுகளைக் குழாயிலேயே செய்ய ஆரம்பித்தார். பிறகு திடீரென்று குழாயையே கைவிட்டார். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சரக்கு ஏற்றும் பலகைச் சட்டங்களைப் பிரித்து மரத்தில் விலங்கு செய்தார். 2004இல் வந்த ‘ரைனோசெரோஸ் டிரான்ஸ்போர்ட்’ இரும்புக் கூடும் பாலியெஸ்டர் தோலுமாக 4.7 மீட்டர் உயரம், டன் கணக்கில் எடை. ஒரே ஆள் இழுத்தால் அது நகரும் என்பது காலின் பெருமைக்குச் சான்று. ஆனாலும் அது ஊமை மிருகம். தள்ளினால் போகும், அவ்வளவுதான். மரமும் இரும்பும் எலும்பாகலாம், அதற்கு மேல் ஆக முடியாது. உள்ளே வெற்றிடம் இல்லாததால்.

யான்சன் மஞ்சள் குழாய்க்குத் திரும்பினார். இந்த முறை குழாயின் உள்பக்கத்துக்கு.

முதல் கவலை, காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பது. விலங்கின் முதுகில் படபடக்கும் சிறகுகள் வைத்தார். அவை சைக்கிள் பம்பு போன்ற பம்புகளை இயக்கி, காலியான குளிர்பான பாட்டில்களுக்குள் காற்றை அடைக்கும். பாட்டில்கள்தான் வயிறு. காற்று அடங்கிய பிறகு வயிற்றில் உள்ள அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து நடக்கலாம். தசையும் குழாய்தான்: பெரிய குழாய்க்குள் சின்னது, நடுவில் ஒரு ரப்பர் வளையம். காற்றை விட்டால் உள்குழாய் வெளியே நீளும். நீண்ட தசை அடுத்த தசையின் வால்வைத் திறக்கும், அது இன்னொன்றை. திறந்தது, மூடியது என்ற இரண்டே நிலைகள். இரண்டு நிலைகள் இருந்தால் எண்ணலாம். எண்ண முடிந்தால் நினைவு வைத்துக்கொள்ளலாம். மின்சாரம் ஓடுவதற்கென்றே செய்த குழாயில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லாமல் கணக்குப் போடும் நரம்பைக் கட்டினார் யான்சன்.

அந்த நரம்பு என்ன செய்யும்? தரையோடு தரையாக ஒரு மெல்லிய குழாய் தொங்கும். அது ஓயாமல் காற்றை உறிஞ்சிக்கொண்டே வரும். உலர்ந்த மணலில் காற்று தாராளமாக வரும். அலை வந்து அதன் வாயில் தண்ணீர் புகுந்தால் உறிஞ்சுவது கடினமாகும். அந்தத் தடை வால்வுகளைப் புரட்டிப்போடும். விலங்கு வந்த வழியே பின்வாங்கும். கடலில் மூழ்கிச் சாகக் கூடாது என்பது அதன் முதல் பாடம். அடி எண்ணும் நரம்பு, தான் தண்ணீரிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளும். புயல் வலுத்தால் மூக்கில் உள்ள சுத்தியல் ஒரு முளையை மணலில் அடித்து உடம்பைக் கட்டிப்போட்டுக்கொள்ளும். எனக்கு இந்த இடத்தில் அந்தப் பிள்ளைகளின் காகித அம்பு நினைவுக்கு வராமல் இல்லை. அதே குழாய், அதே மூச்சு. நடுவே வால்வுகள் வந்துவிட்டன.

கேட்பதற்கு அருமையாக இருக்கிறது. கடற்கரையில் நிலைமை வேறு. மணல் மூட்டுக்குள் புகும். உப்பு படியும். வெயிலில் பிவிசி வெளுத்து நொறுங்கும் தன்மை அடையும். நல்ல நாளில் விலங்கு கொஞ்ச தூரம் கம்பீரமாக நடக்கும். மறுபடி யான்சன் ஓடிப்போய் எதையோ பிடித்துத் திருகுவார். வசந்தத்தில் புதிய விலங்கைக் கரைக்கு எடுத்துச் செல்வார், கோடை முழுக்கச் சோதிப்பார், இலையுதிர் காலத்தில் ‘இந்த இனம் அழிந்துவிட்டது’ என்று அறிவித்துவிட்டு எலும்புக் குவியலில் சேர்த்துவிடுவார். அவற்றுக்கு அவர் வைத்த பெயர் புதைபடிவங்கள்.

புதிய உயிரினங்களைப் படைக்கிறேன், ஒருநாள் அவை மந்தைகளாகத் தாமே பிழைத்துக்கொள்ளும் என்று யான்சன் பல மேடைகளில் சொல்லிவிட்டார். அதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு குளிர்காலத்தைத் தாண்டிய விலங்கு இதுவரை கிடையாது. ஆனால் வெறும் வேடிக்கைப் பேச்சு என்றும் தள்ள முடியாது. தண்ணீரிலிருந்து விலகு, காற்றைச் சேமி, புயலில் ஊன்றிக்கொள்: கரையில் வாழும் எந்த உயிருக்கும் இவைதான் கேள்விகள். நண்டு தன் விடைகளை வைத்திருக்கிறது. மஞ்சள் குழாய் தன்னால் முடிந்த விடையைச் சொல்லிப் பார்க்கிறது.

மணல்மேடு என்னவாயிற்று என்று கேட்கலாம். விலங்குகள் எந்த மேட்டையும் உயர்த்தவில்லை. 2011இல் அதே கரையில், ஹேக்குக்குத் தெற்கே டெர் ஹைடே பக்கம், அரசு 2.15 கோடிக் கனமீட்டர் மணலைக் கப்பல்களால் கடலடியிலிருந்து வாரிக் கொண்டுவந்து ஒரே இடத்தில் கொட்டியது. மணல் எஞ்சின் என்று அதற்குப் பெயர். அலையும் காற்றும் அந்த மணலைக் கரை நெடுகப் பங்கிட்டுக் கொடுக்கட்டும் என்பதே திட்டம். இயற்கையை வேலைக்காரனாக அமர்த்தும் யோசனையில் பத்திக்காரரும் பொறியாளர்களும் ஒரே பக்கம்தான். பொறியாளர்களிடம் தூர்வாரிக் கப்பல் இருந்தது.

இதற்குள் குழாய் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. 2006இல் தென்னாப்பிரிக்காவுக்காக எடுத்த பிஎம்டபிள்யூ விளம்பரத்தில் விலங்குகள் நடந்தன; இணையத்தில் உலகம் பார்த்தது. டோக்கியோவின் மிராய்கான், அமெரிக்காவின் சேலத்தில் பீபடி எசெக்ஸ் அருங்காட்சியகம், 2018இல் சிங்கப்பூரின் ஆர்ட்சயின்ஸ் மியூசியம் என்று பெட்டிகளில் பயணம். மண்டபத்துக்குள் கடற்காற்று ஏது? அழுத்திய காற்றை அடைத்தோ ஆள் தள்ளியோதான் நடத்த வேண்டும். காட்டு மிருகம் சர்க்கஸுக்குப் போனால் இப்படித்தான். 2016இல் ‘சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூனிலும் யான்சன் தன் சொந்தக் குரலில் வந்துவிட்டார்.

குழாயைவிட வேகமாகப் போனவை அந்தப் பதினோரு எண்கள். யான்சன் அவற்றை மறைத்து வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிட்டார். பொறியியல் மாணவர்கள் மரத்திலும் அலுமினியத்திலும் அட்டையிலும் கால்களை வெட்டினார்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு நடக்கும் கால்களைப் பூட்டியவர்கள் உண்டு. ஜப்பானின் கக்கென் பதிப்பகம் பெரியவர்களுக்கான தன் அறிவியல் இதழோடு பூட்டிப் பார்க்கும் குட்டி விலங்கை வைத்து விற்றது. முப்பரிமாண அச்சில் வருகிற குட்டிக்குப் பூட்டும் வேலைகூட இல்லை. மூட்டுகளோடு முழு உருவமாகவே பிறக்கும். மாணவர்கள் தாங்கள் விளையாடுவதாக நினைக்கிறார்கள், உண்மையில் விலங்குகள் தங்கள் இனத்தைப் பெருக்க மாணவர்களைப் பயன்படுத்துகின்றன என்பது யான்சனின் வாதம். சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அவர் சொன்னதிலேயே மறுக்கக் கடினமான வாதம் இதுதான்.

எண்கள் வெள்ளிக் கிரகம்வரை போகப் பார்த்தன. அங்கே தரையில் ஏறத்தாழ 460 டிகிரி வெப்பம், பூமியைப் போலத் தொண்ணூறு மடங்கு காற்றழுத்தம். சோவியத்தின் வெனேரா 13 கலம் 1982இல் 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. மின்னணுச் சாதனங்கள் வெந்துவிடும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஜானதன் சாடர் குழு, மின்னணுவை விட்டுவிட்டுக் கடிகாரம் போலப் பல்சக்கரங்களால் ஓடும் ஊர்தி ஒன்றைச் சிந்தித்தது. காற்றில் இயங்கும், தானே கணக்கிடும், மின்சாரம் கேட்காத நடமாடி ஏற்கெனவே ஒரு டச்சுக் கடற்கரையில் இருந்ததே! யான்சனிடமும் ஆலோசனை கேட்டார்கள். தொடக்க வரைபடங்களில் அந்தக் கால்கள் இருந்தன. கரடுமுரடான பாறைத் தரையில் கவிழ்ந்துவிடும் என்பதால் பிறகு கால்களை எடுத்துவிட்டு, முதலாம் உலகப்போர் டாங்கி போலச் சங்கிலிப் பட்டையை வரைந்தார்கள். சமதளமான மணலுக்காக வளர்ந்த கால், பாறையில் தேறவில்லை. பரிணாமம் படித்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி இராது.

யான்சனே அந்தக் கால்களைவிட்டு நகர்ந்துவிட்டார் என்பதுதான் வேடிக்கை. 2016 வாக்கில் அவர் செய்யத் தொடங்கியவை புழுக்கள். கம்பளிப்பூச்சி மாதிரி உடம்பு முழுக்க அலை ஓடி முன்னேறும். 2017இல் வந்த ‘உமினாமி’ அந்த வகை. கீல் மூட்டு இல்லை, ஆகவே மணல் புகுந்து சிக்கிக்கொள்ள இடமில்லை. அதற்குப் பிறகு, தரையைவிட்டு எழும்பிக் காற்றில் பறக்கும் உருவங்கள். பழைய குழாய்தான், ஆனால் புனித எண்களுக்கு அவற்றில் வேலை இல்லை.

எண்கள் அதற்காகக் கலங்கியதாகத் தெரியவில்லை. அவற்றுக்கு மஞ்சள் நிறமும் தேவையில்லை, குழாயும் தேவையில்லை. 38 என்பது மில்லிமீட்டராக இருக்கலாம், சென்டிமீட்டராக இருக்கலாம். துளைக்கும் துளைக்கும் நடுவே உள்ள விகிதம் பிசகாதவரை ஐஸ் குச்சியில் வெட்டினாலும் கால் நடக்கும். அலுவலக மேசைகளில் நிற்கும் குட்டி விலங்குகளுக்கு வடகடல் காற்றெல்லாம் தேவைப்படுவதில்லை. மேசை விசிறியை இரண்டில் வைத்தால் போதும்.